துணையின வேறுபாடுகளை ஆராய எந்த முறையைத் தேர்வது? நோய்க்கிருமிகளுக்கும் தாவரங்களுக்கும் ஓர் ஒப்பீடு

சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்னும் பாக்டீரியா தாவரங்களின் நீர் கடத்தும் திசுவான சைலத்துக்குள் மட்டுமே வாழ்கிறது. சைலச் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் அதை ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்கின்றன. இந்தச் சிற்றினத்தின் உட்பிரிவுகளான துணையினங்களுள் ஃபாஸ்டிடியோசா திராட்சைக் கொடிகளைக் கருகச்செய்யும் பியர்ஸ் நோய்க்குக் காரணமாகிறது. மல்டிபிளக்ஸ் துணையினம் பாதாம் உள்ளிட்ட பல மரங்களைத் தாக்குகிறது. பௌகா துணையினமோ பிரேசிலில் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்தது. இத்தாலியின் அபுலியா பகுதியில் 2013இல் அது கண்டறியப்பட்ட பிறகு அங்கே லட்சக்கணக்கான ஆலிவ் மரங்கள் பட்டுப்போயின. இம்மூன்றையும் ஒரே சிற்றினப் பெயரால் அழைத்துவிட்டு, எந்த மரத்தை அகற்றுவது, எந்த நாற்றின் போக்குவரத்தைத் தடுப்பது என்று யாராலும் முடிவெடுக்க இயலாது.

சிற்றினத்துக்குக் கீழே உள்ள வேறுபாடுகளை ஆராயப் புறப்படும் குழு, மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கும் முன்பே எந்த முறையால் அவற்றைப் பிரித்தறிவது என்று தீர்மானித்தாக வேண்டும். வளர்ப்பு ஊடகத்திலும் வயலிலும் செய்யும் பழைய சோதனைகள், சில மரபணுக்களை மட்டும் படிக்கும் முறை, புரதங்களின் நிறையை அளக்கும் கருவி, உயிரியின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கம் ஆகியவை இன்று கைக்கெட்டும் வழிகள். வளர்த்தெடுக்கக்கூடிய பாக்டீரியாவுக்கு முழு வரிசையாக்கமே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பதும், அதே விடையைத் தாவரங்களுக்கு அப்படியே எடுத்துச்செல்வது தவறு என்பதும், இரண்டிலும் உயிருள்ள மாதிரியின் மீது செய்யும் ஒரு சோதனையேனும் உடன் நடைபெற வேண்டும் என்பதும் என் கருத்து.

முறைகளை ஒப்பிடும் முன், துணையினம் என்ற படிநிலை நம் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சால்மோனெல்லா என்டெரிகாவில் ஆறு துணையினங்கள் உள்ளன. மனிதரிலும் வெப்பக்குருதி விலங்குகளிலும் காணும் தொற்றுகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு, அவற்றுள் என்டெரிகா என்ற ஒரே துணையினத்தால் வருவன. டைஃபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் டைஃபி வகையும், குடல் அழற்சியை உண்டாக்கும் டைஃபிமூரியம் வகையும் அந்த ஒன்றுக்குள்ளேயே அடங்குகின்றன. ஆகவே அங்கே துணையினத்தைக் கண்டறிந்ததோடு நின்றுவிட்டால் மருத்துவருக்கு எதுவும் சொன்னதாகாது; டைஃபி, டைஃபிமூரியம் போன்ற உட்பிரிவான ஊநீர்வகை வரை இறங்கியாக வேண்டும். டிரெபோனிமா பாலிடத்தில் நிலைமை நேர்மாறானது. சிபிலிஸ், பெரும்பாலும் குழந்தைகளின் தோலையும் எலும்பையும் பாதிக்கும் யாஸ், வறண்ட பகுதிகளில் காணும் பெஜெல் ஆகிய மூன்று நோய்களும் அதன் மூன்று துணையினங்களால் வருகின்றன. சிபிலிஸை உண்டாக்கும் துணையினத்தின் மரபணுத்தொகுதியும் யாஸை உண்டாக்கும் துணையினத்தின் மரபணுத்தொகுதியும் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேறுபடுகின்றன. வழக்கமான இரத்தப் பரிசோதனையால் அவற்றைப் பிரிக்கவே முடியாது. ஆயினும் ஒன்று உடலுறவால் பரவுகிறது, மற்றொன்று தோல் தொடுகையால் பரவுகிறது. வேறுபாட்டின் அளவைக் கொண்டு அதன் முக்கியத்துவத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வளர்ப்பு ஊடகத்தில் செய்யும் உயிர்வேதியியல் சோதனைகள் மலிவானவை, பெரிய கருவி எதுவும் வேண்டாதவை. முயல் காய்ச்சல் கிருமியான ஃபிரான்சிசெல்லா துலாரென்சிஸில், வட அமெரிக்காவில் காணப்படும் கடுமையான துலாரென்சிஸ் துணையினம் கிளிசராலை நொதிக்கவைக்கும். அதைவிடத் தீவிரம் குறைந்த ஹோலார்க்டிகா பொதுவாக நொதிக்கவைப்பதில்லை. தெளிவான சோதனைதான், ஆனால் அதற்காக இந்தக் கிருமியை வளர்ப்பதே ஆய்வகத்தில் பணிபுரிவோருக்கு ஆபத்தானது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலும், ஒற்றைப் பண்பின் மீது எழுப்பிய பிரிவு எளிதில் ஆட்டம் காணும். கேம்பைலோபாக்டர் ஃபீட்டஸில் வெனெரியாலிஸ் துணையினம் மாடுகளின் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கிக் கருச்சிதைவையும் மலட்டுத்தன்மையையும் உண்டாக்குகிறது. ஒரு விழுக்காடு கிளைசின் கலந்த ஊடகத்தில் அது வளராது, ஃபீட்டஸ் துணையினம் வளரும் என்பதே நெடுங்காலமாக இவற்றைப் பிரித்துவந்த சோதனை. கிளைசினைத் தாங்கும் திறன் ஒரு திடீர்மாற்றத்தாலேயே வந்துவிடக்கூடியது. மரபணுத்தொகுதி காட்டும் கிளைகளும் இச்சோதனை காட்டும் பிரிவும் பல மாதிரிகளில் பொருந்துவதில்லை. கால்நடை வணிகத்தின் அனுமதியும் தடையும் இத்தகைய விடையைச் சார்ந்திருக்கும்போது, அதை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தாவர நோய்க்கிருமிகளில் இவ்வகைச் சோதனைக்கு மற்றொரு வடிவம் உண்டு: கிருமியைச் செடியில் செலுத்தி நோய் வருகிறதா என்று காத்திருந்து பார்ப்பது. சைலெல்லாவுக்கு இது பல மாதங்கள் பிடிக்கும். மரங்களில் ஆண்டுக்கணக்கில் நீளும். இவ்வளவு தாமதத்துக்குப் பிறகும் இதைக் கைவிட முடியாது. எந்தச் செடியை நோய் தாக்கும் என்பதை நேரடியாகக் காட்டும் சான்று இது ஒன்றே.

மால்டி-டாஃப் எனப்படும் நிறை நிறமாலைமானி, கிருமியின் புரதங்களை, குறிப்பாக ரைபோசோம் புரதங்களை, நிறையின்படி பிரித்து ஒரு வடிவமாகப் பதிவுசெய்கிறது. கருவி வாங்கிய பிறகு ஒவ்வொரு மாதிரிக்கும் ஆகும் செலவும் நேரமும் மிகக் குறைவு. சிற்றினத்தைக் கண்டறிய இது அருமையான கருவி; துணையின மட்டத்திலோ, ஒப்பிடும் தரவுத்தளத்தில் அத்துணையினங்கள் போதிய அளவு இடம்பெற்றிருந்தாலன்றி நம்பகமான விடை கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான மாதிரிகளை முதற்கட்டமாக வடிகட்ட இதைப் பயன்படுத்தலாம். ஆய்வின் முடிவை இதன் மேல் நிறுத்தக் கூடாது.

சில மரபணுக்களை மட்டும் வரிசையாக்கும் எம்எல்எஸ்டி முறை 1998இல் மூளைக்காய்ச்சல் கிருமியான நைசீரியா மெனிஞ்சைட்டிடிஸை வகைப்படுத்த முன்வைக்கப்பட்டது. பெரும்பாலும் ஏழு அடிப்படை மரபணுக்களின் துண்டுகளைப் படித்து, ஒவ்வொன்றின் மாறுபட்ட வடிவத்துக்கும் ஓர் எண் கொடுத்து, ஏழு எண்களின் சேர்க்கைக்கு ஒரு வகையெண் வழங்குவார்கள். எந்த ஆய்வகம் செய்தாலும் ஒரே கிருமிக்கு ஒரே வகையெண் கிடைக்கும் என்பது இதன் பெரும் பலம். சைலெல்லாவின் எம்எல்எஸ்டியும் ஏழு மரபணுக்களைக் கொண்டதே. அபுலியாவின் ஆலிவ் மரங்களில் இருப்பது 53ஆம் வகையெண் கொண்ட பௌகா என்று அறிந்தது இம்முறையால்தான். சைலெல்லா ஊடகத்தில் வளர ஒன்று முதல் நான்கு வாரங்கள் வரை ஆகலாம். பல மாதிரிகள் வளரவே மறுக்கும். எம்எல்எஸ்டியை இலைக்காம்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வின் மீதே நேரடியாகச் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை எந்தத் துணையினத்துக்கு எந்தத் தாவரங்கள் ஆளாகும் என்று பட்டியலிட்டு நடவடிக்கைகளை வகுக்கிறது. அத்தகைய இடத்தில் விரைவாக, வளர்ப்பின்றிக் கிடைக்கும் விடைக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் சைலெல்லாவின் மரபணுத்தொகுதி டி.என்.ஏ.வின் எழுத்துகளான கார இணைகளை ஏறத்தாழ 25 லட்சம் கொண்டது. ஏழு துண்டுகளும் சேர்ந்து படிப்பது சுமார் 4,000 கார இணைகளை, அதாவது மொத்தத்தில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியை. இக்கிருமியின் துணையினங்கள் தமக்குள் மரபணுத் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. முசுக்கொட்டையைத் தாக்கும் மோரஸ் வகை, ஃபாஸ்டிடியோசாவும் மல்டிபிளக்ஸும் மறுசேர்க்கை செய்ததன் விளைவாகவே தோன்றியது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அத்தகைய கலப்பு நிகழ்ந்த கிருமியில் ஏழு துண்டுகள் ஒரு மூதாதையைக் காட்ட, எஞ்சிய மரபணுத்தொகுதி வேறொரு கதையைச் சொல்லக்கூடும். அபுலியாவின் மாதிரிகள் எல்லாம் ஒரே வகையெண்ணைக் காட்டுவதால், எந்தத் தோப்பிலிருந்து எந்தத் தோப்புக்கு நோய் சென்றது என்ற கேள்விக்கும் இம்முறை விடை தராது.

முழு மரபணுத்தொகுதி வரிசையாக்கம் இந்த இடத்தில்தான் தன் தகுதியைக் காட்டுகிறது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் 2016இல் சைலெல்லா கண்டறியப்பட்டபோது அது புதிதாக வந்த கிருமி என்றே தோன்றியது. முழு வரிசைகளின் வேறுபாடுகளைக் காலத்தோடு பொருத்தி ஆராய்ந்ததில், 1990களின் முற்பகுதியிலேயே கலிஃபோர்னியாவிலிருந்து பாதாம் ஒட்டுக்கொம்புகளோடு அது வந்துசேர்ந்திருக்கிறது என்ற முடிவு கிடைத்தது. பாதாம் மரங்கள் ஏன் நெடுங்காலமாகக் கருகிவந்தன என்பதற்கும் அப்போதுதான் விளக்கம் பிறந்தது. அபுலியாவின் கிருமி 2008ஆம் ஆண்டை ஒட்டி, நடு அமெரிக்காவிலிருந்து காபிச் செடிகளோடு, ஒரே முறை நுழைந்ததன் விளைவு என்பதையும் இதே வகை ஆய்வு காட்டியது. நாற்று வணிகத்தில் எந்த வழியை அடைக்க வேண்டும் என்பதை ஏழு மரபணுக்களால் சொல்லியிருக்க முடியாது. உணவுவழி நோய்களைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் பல்ஸ்நெட் வலையமைப்பு 1996இல் தொடங்கியதிலிருந்து டி.என்.ஏ. துண்டுகளை மின்புலத்தில் பிரிக்கும் முறையையே நம்பியிருந்தது; 2019இல் அது முழு வரிசையாக்கத்துக்கு மாறியது.

இதற்கும் எல்லைகள் உண்டு. முதலாவது, தூய வளர்ப்பு வேண்டும். செடியின் சாறில் கிருமியின் டி.என்.ஏ. மிகச் சிறு பங்குதான். இரண்டாவது, வரிசை கிடைத்த பிறகும் எல்லைக்கோட்டை நாம்தான் வரைய வேண்டும். இரு மரபணுத்தொகுதிகளின் சராசரி ஒற்றுமை 95 முதல் 96 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அவை வெவ்வேறு சிற்றினங்கள் என்ற அளவுகோல் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. துணையினத்துக்கு அவ்வாறு எல்லோரும் ஏற்ற அளவுகோல் இல்லை. தக்காளியையும் உருளைக்கிழங்கையும் தாக்கும் கிளாவிபாக்டர் மிச்சிகனென்சிஸின் துணையினங்கள் பல 2018இல் தனித்தனிச் சிற்றினங்களாக உயர்த்தப்பட்டன. பெயர்கள் இவ்வாறு மாறும்போது தடைப்பட்டியல்களும் சோதனை நெறிமுறைகளும் பழைய பெயரிலேயே நிற்கக்கூடும். எனவே மாதிரியின் பதிவேட்டில் துணையினப் பெயரோடு வரிசையையும் சேர்த்து வைப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது எல்லை வரிசையாக்கும் துண்டின் நீளத்தைப் பற்றியது. இதைப் பலரும் தாமதமாகவே உணர்கிறார்கள். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே, டேல் எனப்படும் புரதங்களை நெற்செல்லுக்குள் செலுத்தி, அச்செல்லின் சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட் மரபணுக்களைத் தூண்டுகிறது. எந்த மரபணுவைத் தூண்டுவது என்பதை டேல் புரதத்துக்குள் அடுக்கடுக்காக வரும் ஒரே மாதிரியான துண்டுகள் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் மரபணுவில் சுமார் 102 கார இணைகள் உண்டு. 150 கார நீளமுள்ள குறுந்துண்டுகளை மட்டும் வைத்துத் தொகுக்கும்போது இந்த அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து, டேல் மரபணுக்களின் எண்ணிக்கையும் வரிசையும் தவறாகிவிடுகின்றன. கால்வழியை மட்டும் அறியக் குறுந்துண்டு போதும், அதன் பிழையும் மிகக் குறைவு. நோயுண்டாக்கும் திறன் ஏன் வேறுபடுகிறது என்பதே கேள்வியானால் நெடுந்துண்டு வரிசையாக்கத்துக்குச் செலவிட்டே ஆக வேண்டும்.

பெயரை அறிவதா, மரபணுவை அறிவதா என்ற தேர்வும் இங்கே எழுகிறது. மைகோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ் நுரையீரலில் பிடிவாதமான தொற்றை ஏற்படுத்துவது. அதன் அப்செஸ்ஸஸ் துணையினத்தில் இயங்கும் இஆர்எம்-41 என்ற மரபணு, மேக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு எதிரான தாங்குதிறனைச் சிகிச்சை தொடங்கிய பிறகு மெல்ல வெளிக்கொணர்கிறது. அதனால்தான் ஆய்வகச் சோதனையை 14 நாள் வரை நீட்டிப் பார்க்கிறார்கள். மாசிலியென்சே துணையினத்தில் அம்மரபணுவின் பெரும்பகுதி அறுபட்டிருப்பதால் மருந்து வேலை செய்கிறது. இந்த அளவில் துணையினப் பெயரே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. ஆனால் அப்செஸ்ஸஸ் துணையினத்துக்குள்ளேயே, அம்மரபணுவின் 28ஆம் இடத்தில் ஒரே ஒரு காரம் மாறியிருக்கும் கிருமிகளில் அது இயங்குவதில்லை. பெயரை மட்டும் பார்ப்பவர் அந்த நோயாளிக்குப் பலன் தரக்கூடிய மருந்தை மறுத்துவிடுவார். தாவரக் கிருமிகளிலும் இதற்கு இணை உண்டு. சாந்தோமோனாஸ் ஒரைசேயின் ஒரு நோய்வகை நெல்லின் சைலத்தில் பரவுகிறது. மற்றொன்று சைலத்துக்கு வெளியே இலைத்திசுவில் தங்கிக் கோடுகளாக நோயைக் காட்டுகிறது. செல்சுவரைச் சிதைக்கும் சிபிஎஸ்ஏ என்ற ஒரே மரபணுவின் இருப்பும் இழப்பும் இந்த வாழ்முறை மாற்றத்தில் பெரும்பங்கு வகிப்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே முழு வரிசையாக்கத்துக்கு வசதியில்லாத ஆய்வகம், பொதுவான அடிப்படை மரபணுக்களைப் படிப்பதைவிட, விளைவைத் தீர்மானிக்கும் மரபணு எதுவென்று தெரிந்திருந்தால் டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆரால் அதைத் தேடுவதே மேல்.

தாவரங்களுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. நெல்லின் மரபணுத்தொகுதி சுமார் 38.9 கோடி கார இணைகள். சைலெல்லாவைப் போல் 150 மடங்கு. ஆறு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட ரொட்டிக் கோதுமையிலோ அது ஏறத்தாழ 1,600 கோடி. மேலும் பாக்டீரியாவில் ஒரு வளர்ப்பு ஒரு கால்வழியைக் காட்டிவிடும். பாலின இனப்பெருக்கம் செய்யும் தாவரத்தில் ஒரு செடி தன் கூட்டத்தைக் காட்டாது. சில செடிகளை முழுமையாகப் படிப்பதைவிடப் பல செடிகளைக் குறைவாகப் படிப்பது துணையின எல்லையை நன்கு காட்டும்.

நெல்லின் இண்டிகா, ஜப்பானிகா துணையினங்களில் இந்த வளர்ச்சி முழுவதையும் காணலாம். இண்டிகாவின் உமி ஃபீனால் கரைசலில் கருக்கும், ஜப்பானிகாவினது பெரும்பாலும் நிறம் மாறாது என்ற சோதனை இன்றும் பயனுள்ளதுதான். ஆனால் அதுவும் ஒற்றை மரபணுவின் வெளிப்பாடே. 1987இல் 15 ஐசோசைம் (ஒரே நொதியின் மாற்றுவடிவங்கள்) இடங்களைக் கொண்டு 1,688 ரகங்களை ஆராய்ந்தபோது, தோற்றத்தால் இண்டிகாவோடு சேர்த்து எண்ணப்பட்ட ஆஸ் என்னும் நெல் ரகங்கள் தனிக்குழுவாகப் பிரிந்து நின்றன. 2018இல் 3,010 ரகங்களின் முழு வரிசைகள் வெளியானபோது, ஒற்றைக் கார வேறுபாடுகள் 2.9 கோடி கிடைத்தன. பெரிய பிரிவுகளைப் பொறுத்தவரை 15 இடங்கள் சொன்னதைக் கோடிக்கணக்கான இடங்கள் பெரும்பாலும் உறுதிசெய்தன என்பதை, குறைந்த நிதியோடு தொடங்குவோர் ஊக்கமாக எடுத்துக்கொள்ளலாம்.

குறுகிய துண்டு திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. இடங்களின் நீளத்தை அளக்கும் நுண்மீள்வரிசைக் குறிப்பான்கள் மலிவானவை. ஆனால் துண்டின் நீளத்தை ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று வேறாக அளப்பதால் தரவுகளை இணைப்பது கடினம். ஒற்றைக் கார வேறுபாடுகளைப் படிக்கும் சில்லுகளில் அந்தக் குறை இல்லை. மாறாக, எந்தக் கூட்டத்தை வைத்துச் சில்லை வடிவமைத்தார்களோ அந்தக் கூட்டத்தின் பன்மையே மிகுந்து தெரியும், பிறவற்றின் பன்மை மங்கும். துணையினங்களை ஒப்பிடும் ஆய்வில் இது முடிவையே கோணலாக்கும். எனவே முன்கூட்டித் தேர்ந்த இடங்களைச் சாராமல், மரபணுத்தொகுதியின் ஒரு பங்கை எல்லாச் செடிகளிலும் வரிசையாக்கும் முறையையே நான் தேர்வேன்.

அதோடு, ஒவ்வொரு துணையினத்துக்கும் ஒரு செடியையேனும் நெடுந்துண்டு முறையில் முழுமையாகத் தொகுக்க வேண்டும். நெல்லுக்கு 2005இல் முழுமையாக வெளியான ஒப்புநோக்கு வரிசை நிப்பான்பரே என்ற ஜப்பானிகா ரகத்தினுடையது. வெள்ளத்தில் மூழ்கியும் பயிரைப் பிழைக்கவைக்கும் சப்1ஏ மரபணுவும், பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் வேரை வளர்க்கும் பிஸ்டால்1 மரபணுவும் அந்த வரிசையில் இல்லவே இல்லை. முதலாவது எஃப்ஆர்13ஏ என்ற ஒடிசா ரகத்திலிருந்தும், இரண்டாவது காசலாத் என்ற ஆஸ் ரகத்திலிருந்தும் கண்டெடுக்கப்பட்டன. ஒரே துணையினத்தின் வரிசையோடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், உழவருக்கு மிக வேண்டிய இந்த இரண்டு வேறுபாடுகளும் தரவில் தென்பட்டிருக்காது. 3,010 ரகங்களின் ஆய்விலும் அந்த ஒப்புநோக்கு வரிசையில் இல்லாத மரபணுக்கள் 10,000க்கும் மேல் கிடைத்தன.

தோற்ற வேறுபாட்டில் எவ்வளவு மரபுவழி, எவ்வளவு சூழல்வழி என்பதை எந்த வரிசையும் தனியாகச் சொல்லாது. கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீஸி ஆகிய ஆய்வாளர்கள் பொட்டென்டில்லா கிளாண்டுலோசா என்னும் செடியின் துணையினங்களை, ஒவ்வொரு செடியையும் பல பகுதிகளாகப் பிரித்து, கடல்மட்டத்தை ஒட்டிய ஸ்டான்ஃபோர்டிலும், 1,400 மீட்டர் உயரத்திலுள்ள மாதர் என்ற இடத்திலும், 3,050 மீட்டர் உயரத்து டிம்பர்லைனிலும் நட்டுப் பார்த்து 1940இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே செடியின் பகுதிகள் மூன்று இடங்களில் மூன்று விதமாக வளர்ந்தன. ஆயினும் ஒரு துணையினம் மற்றொன்றாக மாறிவிடவில்லை. பொது நிலத்தில் நட்டு ஒப்பிடும் இந்தச் சோதனைக்கு இன்றுவரை மாற்று இல்லை.

இவற்றை வைத்து நான் பரிந்துரைப்பது இது. கிருமி வளரக்கூடியது, மாதிரிகள் சில நூறுக்குள் அடங்குபவை என்றால் எல்லாவற்றையும் குறுந்துண்டு முறையில் முழுமையாக வரிசையாக்கி, ஒவ்வொரு கிளையிலிருந்தும் சிலவற்றை நெடுந்துண்டு முறையில் மீண்டும் படிப்பது. வளரா மாதிரிகளுக்கு எம்எல்எஸ்டியையும் குறிப்பிட்ட மரபணுவைத் தேடும் பிசிஆரையும் வைத்துக்கொள்வது. தாவரத்துக்கு, முதலில் செடிகளின் எண்ணிக்கையையும் அவை வளரும் இடங்களின் பரப்பையும் பெருக்கி, பிறகே வரிசையின் ஆழத்துக்குச் செலவிடுவது. கிருமியையும் தாவரத்தையும் சேர்த்து ஆராயும் குழுவுக்கு இரண்டு வரிசைகளும் ஒரே நேரத்தில் தேவைப்படும்: நெல்லில் எக்ஸ்ஏ13 மரபணு தரும் இலைக்கருகல் எதிர்ப்புத்திறன், ஸ்வீட் மரபணு ஒன்றின் முன்பகுதியில் உள்ள மாற்றத்தால் கிருமியின் டேல் புரதம் அதைப் பற்ற முடியாமல் போவதால் கிடைப்பது, ஒரு பக்கத்தை மட்டும் படித்தவருக்கு அது புலப்படாது. அத்தகைய குழு தன் நிதியில் ஒரு பங்கைக் கிருமி வளர்ப்புகளை உறைநிலையில் காக்கவும் அதே செடியின் விதைகளைச் சேமிக்கவும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். வரிசையில் தெரிந்த வேறுபாட்டைப் பின்னர் செடியில் செலுத்திச் சோதிக்க அவை இரண்டும் சேர்ந்தே வேண்டியிருக்கும்.